அறுபத்திரண்டில் நின்ற பெட்டி

திரையின் இடது மூலையில் பச்சை நிறத்தில் ஓர் எண் இருந்தது. அறுபத்திரண்டு. பத்து நிமிடமாக விளையாட்டு ஓடுகிறது. திரையில் லாரி மலையேறியது, சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது, கொட்டும் மழையில் ஒரு நகரத்துக்குள் புகுந்து ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே நின்றது, எண் மட்டும் அறுபத்திரண்டை விட்டு இம்மியும் நகரவில்லை. கணினி ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று சொல்லும் எண் அது. இதில் போட்டிருக்கும் சாமான்களுக்கு நூற்றிருபத்து நாலு வரவேண்டும். சரி, குறைந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நல்ல பெட்டியோ நொண்டிப் பெட்டியோ, அந்த எண் ஏறி இறங்கித் தள்ளாடிக்கொண்டேதான் இருக்கும். பன்னிரண்டு வருடமாகக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் அவன். ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் எண்ணை இன்றுதான் பார்க்கிறான்.

கட்டிய ஆள் லட்சணம் அப்படி என்று நினைத்துக்கொண்டான். கட்டியவர் அத்தான், அவன் அக்காவின் கணவர். பஸ் டிரைவர். பகல் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து லாரி ஓட்டும் விளையாட்டு விளையாடுகிற மனிதரை என்னவென்று சொல்வது? அதற்கென்று ஒரு பெட்டி வேண்டும் என்று ஆசை வந்ததே, மச்சினன் ஒருத்தன் இதே தொழிலில் குப்பை கொட்டுகிறானே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியதா? தோன்றவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கட்டினார். படம் வரையும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் முன்பின் தெரியாத எவனிடமோ பழசாக வாங்கினார். உள்ளே கலர் கலராக விளக்கு வேறு. அரைக் கிழவருக்கு வயசுப் பையன் சோக்கு.

மத்தியானம் மூன்று மணி. வெளியே வெயில் கொளுத்துகிற நேரத்தில் அந்த அறையின் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. பல நாளாகக் காற்றே நுழையாத அறையில் சூடான பிளாஸ்டிக் வாசனையும் ஈரத்துண்டின் முடை நாற்றமும் கலந்து தொண்டையில் ஒட்டின; பெட்டிக்குள் மூன்று மின்விசிறிகளும் ஒரே சுருதியில், ஏறாமல் இறங்காமல், யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் கட்டில் விளிம்பில் அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுத் தட்டு. பாதி சாப்பிட்டு, பாதியை மறந்திருந்தார்.

நேற்று அக்கா போனில் அழுதாள். பெட்டியும் சரியில்லை, அவரும் சரியில்லை என்றாள். கேள்வி கேட்டால் பதில் அரை நிமிடம் கழித்து வருகிறதாம். இரண்டு வாரத்துக்கு முன் காலியான பாலத்தின் மேல், எதிரே ஈ காக்கை இல்லாத இடத்தில், நாற்பது பேர் இருந்த பஸ்ஸைப் பேய்ப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். முன் சீட்டில் இருந்தவருக்கு மூக்கு உடைந்தது. டிப்போவில் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை கண்ணைச் சோதித்து, ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். தேறவில்லை என்றால் வேலை போய்விடும். இருபத்தோரு வருட வேலை. ராத்திரி பகலாக அந்தப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து மூளை கலங்கிவிட்டது, அதைச் சரிபண்ணினால் மனுஷன் கொஞ்சம் தெளிவார் என்பது அக்காவின் நம்பிக்கை. அவனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. தெளிவதற்கு முதலில் மூளை இருக்க வேண்டும்.

வேலையை ஆரம்பித்தான். வீட்டில் பெட்டி கட்டுகிற மேதாவிகள் செய்கிற தப்பெல்லாம் அவனுக்கு அத்துபடி. மானிட்டர் ஒயரை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருப்பார்கள். பார்த்தான், சரியான இடத்தில்தான் இருந்தது. வேகத்தை எங்காவது கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். வைக்கவில்லை. பெட்டியை அணைத்து, மூடியைக் கழற்றி, பிராசசர் மேல் உட்காரும் குளிர்விப்பானின் அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டிருக்கிறாரா என்று பார்த்தான். உரித்திருந்தார். தூசி ஒரு பொட்டு இல்லை. ஒயர்களை எல்லாம் முடிச்சுப் போட்டு அழகாக ஓரம் கட்டியிருந்தார். அவன் கடையிலேயே இவ்வளவு சுத்தமாகக் கட்டுவதில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பெட்டி அணைந்திருந்த அந்த அரைமணி நேரமும் அத்தான் ஒரு கூத்து அடித்தார். விசிறிகள் நின்றதும் தட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, யாரையோ தடுக்கிற மாதிரி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நின்றார். ஒட்டிய சோறு விரல்களில் காய்ந்தது. எவ்வளவு நேரமாகும், எவ்வளவு நேரமாகும் என்று மூன்று முறை கேட்டார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைக்கு இப்போதே பைத்தியக்கார சர்டிபிகேட் ரெடி என்று நினைத்துக்கொண்டான். மறுபடி ஆன் செய்ததும் அவர் மூச்சை விட்டுவிட்டுக் கட்டிலில் சரிந்தார்.

எண் அறுபத்திரண்டு. கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்தான். நூற்றுக்கு நூறு. மாடு முழு பலத்தோடு இழுக்கிறது, வண்டி பாதிதான் நகர்கிறது. மீதி எங்கே போகிறது? மனசுக்குள் கணக்குப் போட்டபோது முதல்முறையாக அவனுக்கு என்னவோ போல் இருந்தது. நூற்றிருபத்து நாலில் சரிபாதி அறுபத்திரண்டு. பழுது என்றால் கன்னாபின்னாவென்று இருக்கும். இதை யாரோ பங்கு போட்டு எடுக்கிறார்கள்.

திரை அமைப்புகளைத் திறந்தான். அதில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தது. மேசை மேல் இருந்தது ஒரே மானிட்டர். பெட்டிக்குப் பின்னால் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான்; ஒரே ஒயர்தான். இல்லாத மானிட்டரை இருப்பதாகப் பெட்டிகள் நினைத்துக்கொள்வது புதிதல்ல, பழைய கார்டில் நடக்கும். அட, இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டான். ‘அடையாளம் காட்டு’ என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எந்த மானிட்டர் எந்த எண் என்று அதனதன் மேல் பெரிதாக வெள்ளை எழுத்தில் இரண்டு மூன்று நொடி தெரியும். அமுக்கினான். எதிரே திரையில் ‘1’ வந்தது.

“ரெண்டு,” என்றார் பின்னால் அத்தான்.

அவன் திரும்பினான். அவர் சுவரைப் பார்த்தபடியேதான் இருந்தார். உள்ளங்கைகளால் கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குருட்டாம்போக்கில் சொல்லியிருப்பார். அவரை எழுப்பிக் கூடத்துக்குப் போய் அக்காவோடு உட்காரச் சொன்னான். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து போனார். அவன் கதவைச் சாத்தினான். சும்மா இருந்தான். ஒரு நிமிடம் போனது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி எங்கோ வழிகிற சத்தம் கேட்டது. சத்தம் வராமல் அந்தப் பொத்தானை மெதுவாக அமுக்கினான். கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அவர் குரல் வந்தது. ரெண்டு. அக்கா என்னவோ கேட்டாள். மூன்று நிமிடம் காத்திருந்தான். மறுபடி அமுக்கினான். ரெண்டு. உடனே இன்னொரு தடவை. ரெண்டு. அந்தக் குரலில் பயம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அவன் சட்டைக்குள் வியர்வை முதுகோடு இறங்கியது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டான். என்ன தெரிகிறது என்று கேட்டான். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தபடி சொன்னார். அந்தக் கார்டைப் போட்ட அன்றிலிருந்து அவருக்கு ஒரு ரோடு தெரிகிறதாம். கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே பார்க்கும்போது உள்ளே இருப்பதும் அதில் தெரியுமே, அந்த மாதிரி, பார்க்கிற எல்லாவற்றின் மேலும் ஒரு ரோடு. விளையாட்டில் வருகிற ரோடு இல்லை. மரமில்லை, வீடில்லை, சாயங்கால வெளிச்சம் மாதிரி மங்கலாக ஒரு வெளிச்சம். கண்ணை மூடினாலும் போகாது. ரோட்டின் கடைசியில் ஒரு புள்ளி. முதல் நாள் மைல்கல் என்று நினைத்தாராம்.

“அது ஒரு ஆள் தம்பி. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. நடக்குறதைப் பாத்ததே இல்ல, ஆனா தினமும் கொஞ்சம் கிட்ட வருது. முதுகைக் காட்டிக்கிட்டேதான் வருது. அன்னிக்குப் பாலத்து மேல திடீர்னு பத்தடியில நின்னுச்சு. அதான் பிரேக்கைப் போட்டேன்.”

இதை யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவர் லேசாகச் சிரித்தார். நீ நம்புவாயா என்றார். பெட்டியை அணைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று எரிந்து விழுந்தான்.

“அணைச்சா அது போகாது. ரோட்டுல வெளிச்சம்தான் போகும். இருட்டுல அது எவ்வளவு கிட்ட நிக்குதுன்னு தெரியாதுல்ல? அதான் நான் இல்லாதப்பவும் ஆன்லயே வச்சிருக்கேன். நேத்துல இருந்து கைய நீட்டினா தொட்டுடலாம் போல நிக்குது.”

இந்த ஆளையா இத்தனை வருடம் கிறுக்கு என்று சொல்லிவந்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே கோபம் வந்தது. பயமுறுத்தப் பார்க்கிறார். பன்னிரண்டு வருட அனுபவத்தை ஒரு பஸ் டிரைவர் பேய்க்கதை சொல்லி ஆட்டிப்பார்க்கிறார்.

மேசைக்குத் திரும்பினான். இரண்டாவது கட்டத்தைத் தொட்டு, முதல் திரையில் மட்டும் காட்டு என்று கொடுத்தான். திரை ஒரு தடவை கறுத்து மீண்டது. மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா, பழையபடி ஆக்கலாமா என்று கேட்டது. பதில் வராவிட்டால் பதினைந்து நொடியில் தானாகப் பழையபடி ஆகிவிடும். பதினாலு. பதின்மூன்று. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அத்தான் எழுந்து கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, வேண்டாம் தம்பி, இருட்டிடுச்சு, வெளிச்சத்தைப் போடு என்று கெஞ்சினார். எட்டு. ஏழு. வாசலில் அக்கா வந்து நின்றாள். நான்கு. அவன் ‘வைத்துக்கொள்’ என்பதை அமுக்கினான்.

விசிறிகளின் முனகல் சட்டென்று நின்று, சாதாரணமான விசிறிச் சத்தமாக ஏறி இறங்கியது. எண் நூற்றிருபத்து நாலு. நூற்றிருபத்தொன்று. நூற்றிருபத்தைந்து. ஆடியது, அழகாக ஆடியது.

அத்தானின் கைகள் கீழே இறங்கின. அறையைச் சுற்றிப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், நேராக, கண்ணுக்குள். காதோரம் நரைத்துவிட்டதே, எப்போது நரைத்தது என்று கேட்டார். அக்கா அவர் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு தம்பியிடம் வந்து அவன் தலையைத் தடவி, நல்லா இருப்படா என்றாள். திரைச்சீலையை விலக்கினாள். வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தது. திங்கட்கிழமை நானே ஓட்டிக் காட்டிவிட்டு நேரே உன் கடைக்கு வருகிறேன் என்றார் அத்தான். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கிளம்பியிருக்கலாம்.

ஆனால் அவன் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. போன பழுதை மறுபடி ஒருமுறை வரவழைத்துப் பார்க்காமல் வேலையை முடிக்க மாட்டான். வரவழைத்தால்தான் எதனால் வந்தது என்று தெரியும். தெரியாமல் சரியானதெல்லாம் சரியானதே இல்லை என்று கடையில் தினமும் சொல்கிறவன். இரண்டாவது திரையைத் தேடச் சொல்லி ஒருமுறை கொடுப்பான், கிடைத்தால் மறுபடி நீக்குவான், அவ்வளவுதான். சொன்னதும் அத்தானின் முகம் செத்துவிட்டது. வேண்டாம், இந்த விளையாட்டும் வேண்டாம், பெட்டியே வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடு என்றார். அக்காவும் விட்டுவிடுடா என்றாள். அதிலேதான் அவனுக்கு வீம்பு ஏறியது.

“அத்தான், நீங்க பஸ்ஸை ஓட்டுங்க. பெட்டியை நான் பாத்துக்கிறேன்.”

“உனக்கு அவரை ஒரு நாளாவது மனுஷனா மதிக்கத் தெரிஞ்சிருக்கா?” என்றாள் அக்கா.

அவன் ‘கண்டுபிடி’யை அமுக்கினான்.

அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தார். ஒன்றுமில்லை, ஒன்றும் தெரியவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு சத்தமாகச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பார்த்தீர்களா, இதற்குத்தான் படித்தவன் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

விசிறிகள் முனக ஆரம்பித்தன. ஒரே சுருதி.

மூலையில் எண் அறுபத்திரண்டு.

திரை அமைப்பில் இரண்டு கட்டங்கள்.

அக்காவும் அத்தானும் அவனுக்குப் பின்னால் திங்கட்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அவன் ஒருவன்தான். இது பழைய கார்டின் கோளாறு, வேறு ஒன்றும் இல்லை. ‘அடையாளம் காட்டு’ மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனான். அமுக்கினான்.

திரையில் ‘1’.

மேசையில் ‘2’. பார்வையைத் தூக்கினான், சுவரில் ‘2’. ஜன்னலில் ‘2’. அக்காவின் பக்கம் திரும்பினான், அவள் முகத்தை மறைத்துக்கொண்டு, வெள்ளையாக, பெரிதாக. கண்ணை மூடினான். கறுப்பில் இன்னும் வெள்ளையாக இருந்தது.

மூன்று நொடியில் அது மங்கியது. மங்கின இடத்தில் ரோடு இருந்தது. மரமில்லை. வீடில்லை. ரோடுகூடச் சரியாகத் தெரியவில்லை, எதுவோ மறைத்தது. மயிர். பின்கழுத்து. கழுத்தின் பள்ளத்தில் வியர்வை. ஒரு முழ தூரம்கூட இல்லை. அத்தானிடம் எங்கே விட்டதோ அங்கிருந்தே.

கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

கழுத்தில் ஒரு நரம்பு இழுபட்டது. தலை ஒரு பக்கமாக மெல்ல அசைந்தது. காது மடல் தெரிந்தது. பிறகு தாடையின் ஓரம். திரும்புகிறது.

“போதும்டா, எந்திரி. நாள் பூரா இதையே கட்டிக்கிட்டு,” என்றாள் அக்கா, அந்தக் கழுத்துக்குள் இருந்து. அவள் வாய் அசைவது அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. இந்தச் சனியனைப் பிடுங்கிப் போடுங்கள் என்று அவள் அத்தானிடம் சொல்வது கேட்டது.

கூடாது. அணைக்கக் கூடாது. கையை நீட்டினான். விரல்கள் காற்றைத் துழாவின. அத்தான் சிரித்துக்கொண்டே குனிந்தார், பல வாரங்களுக்குப் பிறகு வேகமாக, சுறுசுறுப்பாக, ஒரு நல்ல டிரைவரின் கையோடு, சுவரில் இருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தார்.

விசிறிகள் நின்றன. ரோடு இருண்டது.

வெயில் விழுந்த அறையில் அக்கா நின்றாள், அத்தான் நின்றார், இருவர் மேலும் புகைக் கண்ணாடி போட்ட மாதிரி ஒரு கறுப்பு படிந்திருந்தது. அந்தக் கறுப்பில் எதுவும் அசையவில்லை. எதுவும் தெரியவில்லை. சத்தம் இல்லை.

அவன் உதட்டின் மேல், மிக அருகில், சூடாக ஒரு மூச்சு பட்டது.